ஞாபகம் இல்லை, சார்

6 ஜூலை 2025, ஞாயிறு

இன்றைக்கும் டிரா கேட்டேன். ஒரு யானை கூடுதலாக வைத்துக்கொண்டு கேட்டேன்.

செஸ் பலகைக்கு எதிரில் மண்ணச்சநல்லூர்ப் பெண். பத்தாவது படிக்கிறாளாம். பெயர் வாணி. கட்டைவிரலில் மஞ்சள் பூசிய துணிக்கட்டு. கடிகாரத்தை அழுத்த வேண்டும் என்பதே அவளுக்கு அடிக்கடி மறந்துபோனது. இன்னும் பத்து நகர்த்தலில் நான் ஜெயித்திருப்பேன். ஆனால் அவள் திடீரென்று குதிரையைத் தூக்கி என் ராஜாவுக்குப் பக்கத்தில் வைத்ததும் பயந்துவிட்டேன். வாய் தானாகக் கேட்டுவிட்டது. அவள் ஒன்றும் புரியாமல் தலையாட்டினாள்.

வெளியே வந்ததும் தோழி ஜீனத் பிடித்துக்கொண்டாள். “ஏன்டி இளா, யானையை வெச்சுக்கிட்டா டிரா கேட்ட? அந்தப் புள்ள தோத்துட்டோம்னு அழுவுற மாதிரி இருந்தாடி!”

இதை எழுதுவது போன வருட சயின்ஸ் ரெக்கார்டின் பின்பக்கங்களில். இதை யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள். அப்பா, அம்மா தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். என்னத்துக்கு இவ்வளவு பயப்படுகிறேன் என்று எழுதிப் பார்த்தாலாவது தெரியுமா?

ஆட்டத் தாளின் இளஞ்சிவப்பு நகலைக் கோப்பில் வைத்துவிட்டேன். டிரா. ஆளுக்கு அரைப் புள்ளி.

9 ஜூலை, புதன்

மாவட்ட செஸ் சங்கத்து ஜேக்கப் சார் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். பள்ளி முடிந்து பொன்மலையிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து ஒன்றாம் நம்பர் பஸ். ஸ்ரீரங்கம் சங்கக் கூடத்துக்குப் போய்ச் சேர ஐந்தரை.

மே மாதம் நடந்த பெரிய போட்டிக்கு வெளிநாட்டுக்காரர்கள் பதினாறு பேர் வந்திருந்தார்கள். அவர்களையும் நம் மாவட்டப் பிள்ளைகளையும் சேர்த்துச் சங்கத்தின் இணையப் பதிவேட்டில் ஏற்றியிருக்கிறார்கள். நேற்று யாரோ முக்கியமான விருந்தாளி வந்தாராம். ஹங்கேரியிலிருந்து வந்த ஆக்னெஷ் எப்படி ஆடினார் என்று கேட்டாராம். சார் தேடியிருக்கிறார். அப்படி ஒருவரே இல்லை என்று வந்திருக்கிறது.

“அந்தம்மா பேருல முதல் எழுத்து தலைமேல ஒரு சாய்ஞ்ச கோடு இருக்கும்மா. அது நம்ம கீபோர்டுல எங்க இருக்கு? கோடு போடாம அடிச்சா ஆளே இல்லைங்குது. மானம் போச்சு. நீ ப்ளஸ் ஒன்ல கம்ப்யூட்டர் சயின்ஸ்தானே? சரி பண்ணிடுவியா?”

தெரியாது என்று சொல்லப் பயம். “சரிங்க சார்” என்றேன். சங்கத்துப் பழைய லேப்டாப்பைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். அப்பா அதை வாங்கி, தன் துண்டால் துடைத்து, டிவி பக்கத்தில் வைத்தார்.

12 ஜூலை, சனி

வந்துவிட்டது! இணையத்தில் ஒருவர் வழி எழுதியிருந்தார். எழுத்தையும் அதோடு ஒட்டியிருக்கும் குறியையும் முதலில் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். பிறகு குறிகளையெல்லாம் தூக்கிப் போட்டுவிட வேண்டும். கோடு, இரட்டைப் புள்ளி, குட்டிக் கொக்கி எல்லாம் போய் வெறும் எழுத்து மிஞ்சும். தேடுகிறவர் அடித்ததையும் அதேபோல் ஆக்கிவிட்டால் இரண்டும் பொருந்திவிடும். மூன்றே வரி புரோகிராம்.

டென்மார்க் சோரன்சன் மட்டும் வரவில்லை. அவர் பெயரில் ‘ஓ’வைக் குறுக்கே வெட்டும் கோடு பிரிய மாட்டேன் என்கிறது. அதைத் தனியாக எழுதிச் சேர்த்தேன்.

ஆக்னெஷ் வந்தார். ஆறே முக்கால் புள்ளி—இல்லை, ஆறரை. சந்தோஷத்தில் கண் சரியாகத் தெரியவில்லை.

13 ஜூலை

சார் எல்லார் முன்னாலும் கைதட்டச் சொன்னார். எனக்குக் காது சுட்டது. ஜீனத் மட்டும், “பாரு, இதுக்கெல்லாம் டிரா கேக்கலை இவ” என்றாள்.

இன்னொரு வேலையும் கொடுத்திருக்கிறார். ஒரே பிள்ளையை இரண்டு முறை பதிந்திருக்கிறார்களாம். ஒரு தடவை இனிஷியல் முன்னால், ஒரு தடவை பின்னால். புள்ளி இரண்டாகச் சிதறிக் கிடக்கிறது. அவர்களை ஒன்றாக்க வேண்டும். மாநிலப் போட்டிக்கு நான்கு பெண்களை அந்தப் பட்டியலிலிருந்துதான் எடுக்கப்போகிறார்கள்.

நான் ஐந்தாவது.

19 ஜூலை, சனி

முடித்துவிட்டேன். இனிஷியலைக் கழற்று, அன்றைக்கு எழுதிய மூன்று வரியில் பெயரைப் போடு, பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால் இருவரும் ஒருவரே. ஒரே பெயர் இரண்டு பேருக்கு இருக்கலாம், பிறந்த தேதியுமா ஒன்றாக இருக்கும்? புகைப்படம் முதலில் பதிந்ததை வைத்துக்கொள்.

முப்பத்தொரு பேர் குறைந்தார்கள். சார், “சுத்தமாயிடுச்சும்மா” என்றார்.

27 ஜூலை, ஞாயிறு

 நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆட்டம் முடிந்ததும் சார் தனியாகக் கூப்பிட்டார். திரையில் ஒரு பெண்ணின் படம். வேணி, துறையூர். மூன்றாம் இடத்தில் இருப்பவள். துறையூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு சனிக்கிழமை அங்கேயே ஆட்டம் நடப்பதால் நான் அவளைப் பார்த்ததில்லை. பெயருக்குக் கீழே இரண்டு பள்ளிகள். துறையூர். மண்ணச்சநல்லூர்.

“சனிக்கிழமை அங்க ஆடுறா, ஞாயித்துக்கிழமை இங்க வந்து வேற ஸ்கூலுக்கு ஆடுறா. எவ்வளவு துணிச்சல் பாரு” என்றார். இரண்டு பள்ளிக்கு ஆடினால் ஒரு வருடம் தடை. “உன்கூடவே ஆடியிருக்காளே. ஜூலை ஆறு, டிரா. நல்லாப் பாத்துச் சொல்லு, அன்னைக்கு ஆடினது இந்தப் பொண்ணுதானே?”

இல்லை. பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. படத்தில் இருப்பவளுக்கு நீண்ட முகம், சுருட்டை முடி. என்னோடு ஆடியவளுக்கு வட்ட முகம், கட்டைவிரலில் கட்டு.

‘இல்லை’ என்றால் ‘அப்புறம் எப்படி இங்கே வந்தது’ என்று கேட்பார். முப்பத்தொரு பேரை ஒன்றாக்கியது நான்.

“ஞாபகம் இல்லை, சார்” என்றேன்.

சார் பேனாவை எடுத்து ஒரு பெயரை அடித்தார். “அப்ப நாலாவது நீதான்மா. வெள்ளிக்கிழமை, எட்டாந்தேதி, லிஸ்ட்டை அனுப்பணும். அப்பாகிட்ட சொல்லிடு.”

28 ஜூலை

அப்பாவிடம் சொல்லவில்லை. ஜீனத்தின் அண்ணன் சொல்லிவிட்டார். அப்பா வேலை செய்யும் ஒர்க்‌ஷாப் பிரிவில் நாற்பது பேருக்கு லட்டு கொடுத்திருக்கிறார். மிச்சம் ஒன்றை எனக்குக் கொண்டுவந்து, “நாலாவதுன்னா சும்மாவா? மாவட்டத்துக்கே நாலாவது!” என்றார்.

தின்றேன்.

29 ஜூலை

லேப்டாப்பைத் திறக்கவில்லை. பார்க்காதவரை எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

31 ஜூலை, வியாழன்

பார்த்துவிட்டேன்.

வேணி என்று கொடுத்தால் அந்த மூன்று வரி ‘வண’ என்கிறது. வாணி என்று கொடுத்தாலும் ‘வண’. வெளிநாட்டுப் பெயர்களின் கோட்டையும் கொக்கியையும் பிடுங்குகிற வேலை, நம் எழுத்தின் கால், கொம்பு, சுழி, புள்ளி எல்லாவற்றையும் சேர்த்துப் பிடுங்கியிருக்கிறது. அதற்கு எல்லாம் ஒட்டிய குறிதான். என் பெயரைக் கொடுத்தேன், இளவனல. அப்பா மதவன. அம்மா மலரககட. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

ஆனாலும் பிறந்த தேதி? இருவருக்கும் 1-6-2010. அது எப்படி?

பதிவேட்டை மொத்தமாக இறக்கி எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளில் நாற்பத்தேழு பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். அம்மாவுக்கும் ஆதார் கார்டில் ஜூன் ஒன்று, நிஜத்தில் தை மாதம். பள்ளியில் சேர்க்கும்போது தேதி தெரியாவிட்டால், இல்லை வயது கொஞ்சம் குறைந்தால், ஹெட்மாஸ்டரே ஜூன் ஒன்று என்று போட்டுவிடுவார். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் தேதி ஒன்றாக இருந்தால் ஆள் ஒன்று என்று எழுதினேன்.

முப்பத்தொன்றில் முப்பது சரி. ஒன்றே ஒன்று தப்பு. அதில் லாபம் எனக்கு. வேண்டுமென்றே செய்தாள் என்றுதானே சொல்வார்கள்?

2 ஆகஸ்ட், சனி

யாருக்கும் தெரியாமல் சரி பண்ணிவிட்டேன். குறியை நீக்குவது இனி வெளிநாட்டு எழுத்துக்கு மட்டும், தமிழைத் தொடாது. வேணி தனி, வாணி தனி. நாளைக்கு சார் ஒரு தடவை தட்டிப் பார்த்தால் போதும், அவராகவே கண்டுபிடித்துவிடுவார். நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப்பெருக்கு. காவிரிக் கரை அம்மா மண்டபத்துக்கு முன்னாலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். கூட்டத்துக்குள் புகுந்து நடந்து கூடத்துக்குப் போனால், படிக்கட்டில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கையில் பிளாஸ்டிக் உறை. பக்கத்தில் சுருட்டை முடிப் பெண்.

வேணியின் அப்பா, பெயர் வீரமலை. சார் உள்ளே கூப்பிட்டார். உட்காரச் சொன்னதற்கு அவர் உட்காரவில்லை.

“ஐயா, ஞாயித்துக்கிழமையானா இது எங்ககூட வெங்காயத்துக்குக் களை எடுக்குதுங்க. இது எப்படிங்க ஸ்ரீரங்கத்துல வந்து ஆடும்? மண்ணச்சநல்லூருல எங்களுக்கு ஒறவு முறைகூடக் கெடையாதுங்க.”

“பதிவாகியிருக்குங்க. நான் என்னங்க செய்ய? பட்டியலை அச்சடிச்சுக் கையெழுத்தும் போட்டாச்சு.”

சார் மேசையில் கணினி திறந்தபடிதான் இருந்தது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. தாளையே தட்டிக்கொண்டிருந்தார்.

“அந்தக் கம்ப்யூட்டருல யாருங்க எழுதுறது? அவுங்கள ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாங்களா?”

சார் என் பக்கம் கை காட்டினார். “இந்தப் பொண்ணுதாங்க. தங்கமான புள்ளை. இது தப்புப் பண்ணாதுங்க.”

வீரமலை என்னைப் பார்த்துக் கும்பிடுவதுபோல் கையைத் தூக்கினார். அப்பா வயது இருக்கும். நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் வெளியே போய்விட்டேன்.

குழாயடிக்கு வேணி வந்தாள். “அக்கா, என் எடம் உங்களுக்குத்தான் வந்துருக்காமே?” என்றாள். பிறகு, “நல்லா ஆடுங்க” என்றாள்.

குத்திச் சொன்னாளா, நிஜமாகச் சொன்னாளா? குத்தியிருந்தால் தேவலை.

4 ஆகஸ்ட்

காய்ச்சல் என்று சொல்லிப் பள்ளிக்குப் போகவில்லை. காய்ச்சல் இல்லை.

5 ஆகஸ்ட், செவ்வாய்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு துணியாக என் தோளில் போட்டுக்கொண்டே கேட்டார். குறி, கொம்பு எல்லாம் அம்மாவுக்குப் புரிந்ததா தெரியவில்லை. கேட்டது இவ்வளவுதான்.

“வேணும்னு பண்ணியா?”

“இல்லம்மா.”

“ஞாபகம் இல்லைன்னு சொன்னியே, அது?”

தோளில் கிடந்த துணியை இழுத்துச் சரிசெய்தேன்.

“அது வேணும்னு சொன்னதுதான்” என்றார். திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சட்டை, பாவாடை எல்லாம் கீழே விழுந்தன. அம்மா பொறுக்கி எடுத்து உதறினார்.

“அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். சார்கிட்ட நீதான் சொல்லணும். அத என்னால சொல்ல முடியாது பாரு.”

6 ஆகஸ்ட், புதன்

போனேன். சத்திரத்தில் இரண்டு ஒன்றாம் நம்பரை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினேன். பையில் கோப்பு இருந்தது. ஜூலை ஆறாம் தேதி ஆட்டத் தாளின் இளஞ்சிவப்பு நகல் இத்தனை நாளும் அதற்குள்ளேயே இருந்திருக்கிறது. எதிராளி பெயர்: வாணி, மண்ணச்சநல்லூர். கீழே அவள் கையெழுத்து, முதல் எழுத்து கொஞ்சம் பெரிதாக.

அதை மேசையில் வைத்தேன். சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் தயார் பண்ணியது ஒன்றும் வரவில்லை. “சார், அது அந்தப் பொண்ணு இல்ல சார். எனக்கு அன்னைக்கே தெரியும் சார்” என்று மட்டும் வந்தது.

சார் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ரெண்டு பேருக்கும் பிறந்த தேதி ஒண்ணும்மா. அது எப்படிம்மா ஒத்துப்போகும்?”

“ஜூன் ஒண்ணு சார். நாப்பத்தேழு பேருக்கு அதுதான் சார்.”

சார் திரையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தலையில் கைவைத்துக்கொண்டார். “எனக்கும் அதுதான்மா. கிறிஸ்மஸுக்கு மறுநாள் பொறந்தவன் நான், சர்டிபிகேட்ல ஜூன் ஒண்ணு.”

மண்ணச்சநல்லூர் பி.டி. டீச்சருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் ஒரு சத்தமான குரல். “வாணியா? இங்கதான் சார் என் பக்கத்துல நிக்கிறா, கபடிக் கோடு போட்டுக்கிட்டு. பேசுறீங்களா?”

போனை வைத்த பிறகுதான் சார் சத்தம் போட்டார். “சனிக்கிழமை அங்க, ஞாயித்துக்கிழமை இங்கன்னு நான் என்னென்ன பேசிட்டேன் அந்த மனுஷன்கிட்ட! ஒரு வார்த்தை சொல்ல உனக்குப் பத்து நாளா?” மேசையை அடித்ததில் ராணி உருண்டு கீழே விழுந்தது. நான் எடுத்து வைத்தேன். அப்புறம் அவராகவே குரலைத் தணித்து, “நானும் தாளைத் தேடிப் பாத்திருக்கணும்” என்றார்.

பழைய பட்டியலைக் கிழித்துப் புதிதாக அச்சடித்தார். வீரமலைக்கு அவரே பேசி மன்னிப்புக் கேட்டார். பிறகு போனை என் கையில் கொடுத்து, “மிச்சத்த நீ சொல்லு” என்றார்.

வேணி முழுவதையும் கேட்டாள். கடைசியில், “வெள்ளிக்கிழமை வரைக்கும் சொல்லாம இருந்திருந்தா நீங்க போயிருப்பீங்கள்ல?” என்றாள்.

“ஆமா.”

போனை வைத்துவிட்டாள்.

பஸ்ஸில் திரும்பும்போது ஒன்று கவனித்தேன்.  பயம் போகவில்லை, அது இருக்கிறது. ஆனால் முதலில் வந்த பஸ்ஸிலேயே ஏறியிருந்தேன்.

7 ஆகஸ்ட்

அப்பா காலையும் மாலையும் வாசலிலேயே இருந்தார். சைக்கிளைத் துடைத்தார், துடைத்ததையே துடைத்தார். அம்மாவிடம் உள்ளே சொன்னது கேட்டது. “நாப்பது பேரு மலரு. லட்டைத் திரும்ப வாங்கவா முடியும்?”

9 ஆகஸ்ட், சனி

காலையில் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல், “நாளைக்கு ஸ்ரீரங்கத்துக்கு நானே வண்டியில கொண்டு விடுறேன்” என்றார்.

“நான் டீம்ல இல்லப்பா.”

“ஆட்டம் இருக்குல்ல?”

18 ஆகஸ்ட்

சேலத்தில் நடந்த மாநிலப் போட்டியில் வேணி ஐந்துக்கு மூன்றரை. டீமில் இருந்த ஜீனத் இரண்டு. சொல்லும்போது ஜீனத், “அவ டிராவே கேக்கலைடி, பாத்துக்க” என்றாள். வேணி என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா என்றேன். இல்லையாம்.

சரி.

24 ஆகஸ்ட், ஞாயிறு

மண்ணச்சநல்லூர்க்காரர்கள் இன்றைக்கு வந்திருந்தார்கள். கட்டைவிரலில் கட்டு இல்லாததால் வாணியை முதலில் அடையாளம் தெரியவில்லை. வட்ட முகம். கணினி முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன். முப்பத்தொரு பேரையும் ஒவ்வொருவராகத் தாளோடு வைத்துப் பார்க்கச் சொல்லி சார் உத்தரவு. இன்னும் ஒன்பது பேர் பாக்கி.

“அக்கா, இதுல எம் பேரு வருமா?” என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேணிக்காக அவள் அப்பா துறையூரிலிருந்து வந்து நின்றார். இவளுக்காக யாரும் வரவில்லை. இரண்டு வாரம் இவள் இந்தப் பதிவேட்டிலேயே இல்லை, அது இவளுக்குத் தெரியவும் தெரியாது. நானும் நினைக்கவில்லை.

“நீயே அடிச்சுப் பாரு” என்று எழுந்து இடம் கொடுத்தேன். ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தாள். வந்தது. வாணி. ஒன்பது ஆட்டம். ஒன்றரைப் புள்ளி.

“ஒண்ணரையா!” என்று கத்தினாள். “ஒண்ணுன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்! ஏய், இங்க வாங்களேன், ஒண்ணரைடி எனக்கு!” அவள் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். அந்த அரை எங்கிருந்து வந்தது என்று விரலை வைத்து வரிசையாகக் கீழே வந்தாள். ஜூலை ஆறு. இளவேனில், டிரா.

“அக்கா, அன்னைக்கு நான் தோத்துட்டேன்னு நெனச்சேன். நீங்க ஏதோ கேட்டீங்க, நானும் தலைய ஆட்டிட்டேன். உங்ககிட்ட யானை இருந்துச்சுல்ல? ஏன்க்கா விட்டீங்க?”

“பயமா இருந்துச்சு.”

“எங்கிட்டயா?” அவள் கண் விரிந்தது. அப்படி ஒரு சிரிப்பு. பக்கத்து மேசையில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ‘உஷ்’ என்றார்கள்.

மதியம் சும்மா ஓர் ஆட்டம் ஆடினோம். அவள் இப்போது கடிகாரத்தை மறப்பதில்லை. முப்பதாவது நகர்த்தலில் என் ராஜாவுக்குப் பக்கத்தில் அதே மாதிரி குதிரையைக் கொண்டுவந்து வைத்தாள். நகர்த்தப் போன கையை இழுத்துக்கொண்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

“டிராவாக்கா?”

“வேணாம். ஆடு” என்றேன்.